பன்னிரண்டாவது ஊர்

பேங்கில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால், "சிஸ்டம் புரோப்ளம் அக்கா" என்று ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்லும். மற்றவர்களுக்குக் கோபம் வரும். நான் தலையைக் குனிந்துகொள்வேன். தன் தப்பைத் தூக்கிக் கம்ப்யூட்டர் தலையில் போடும் வழக்கத்தைக் குவாலா சிலாங்கூர் வட்டாரத்தில் ஆரம்பித்து வைத்தவள் நான்தான். இதை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அப்போது எனக்குத் தெரிந்து அங்கே இருந்ததே நாலு கம்ப்யூட்டர். நாலும் என் பொறுப்பில் இருந்தன.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபது வயது. கிள்ளானில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, குவாலா சிலாங்கூரில் ஒரு மளிகைக் கடை மாடியில் மிஸ்டர் லிம் நடத்திய டைப்பிங் வகுப்பில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீடு பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா அங்கே மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. ஆறு மாதப் படிப்பில் எனக்கு வந்த தலைக்கனம் ஆறு வருடம் படித்தவர்களுக்கும் வந்திருக்காது. "இன்னிக்கு மழை வருமா?" என்று அம்மா கேட்டால்கூட, "டேட்டா இருந்தா சொல்லலாம்" என்பேன். (ஓர் அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அதன் பலனை எல்லாரும் அனுபவித்தார்கள்.)

அந்த நேரத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சுங்கை பெசார். கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் இருநூற்றுச் சொச்சம் குடும்பம். எங்களில் பத்திரிகை வைப்பது என்றால் சும்மா கொடுத்துவிட்டு வருவதில்லை. அப்பாவும் அம்மாவும் ஜோடியாக வீட்டுக்குப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து, இரண்டு கையாலும் நீட்டி, "கண்டிப்பா வந்துடணும்" என்று சொல்ல வேண்டும். ரொம்பத் தூரத்து ஊர்க்காரர்களுக்கு மட்டும் தபால். அதை அவர்கள் தூரத்தை நினைத்து மன்னிப்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தபாலில் அனுப்பினால், வராதே என்று எழுதி அனுப்பியதற்குச் சமம்.

யாருக்குத் தட்டு, யாருக்குத் தபால் என்று அப்பாவும் அம்மாவும் ஒரு மாலை முழுக்க நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். நான் நடுவில் போய் உட்கார்ந்து, "இதுக்கா இவ்வளவு பாடு? கம்ப்யூட்டர் ரெண்டு நிமிசத்துல பிரிச்சுக் குடுத்துரும்" என்றேன்.

யோசனை சுலபம்தான். முகவரி எல்லாவற்றையும் டைப் செய்துவிட வேண்டியது. தூரத்து ஊர்ப் பெயர்களைத் தனிப் பட்டியலாகக் கொடுக்க வேண்டியது. ஒரு முகவரிக்குள் அந்தப் பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். இருந்தால் தபால், இல்லாவிட்டால் தட்டு.

"தூரத்து ஊருங்கள மட்டும் சொல்லுங்க" என்றேன். அப்பா விரலை மடக்கினார். ஈப்போ, தைப்பிங், பினாங்கு, சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார், சிரம்பான், மலாக்கா, குளுவாங், ஜொகூர் பாரு, குவாந்தான், சிங்கப்பூர். கொஞ்சம் தயங்கி, அம்மாவைப் பார்க்காமல், "சித்தியவான்" என்றார். ஆக மொத்தம் பன்னிரண்டு.

"அத எடு" என்றார் அம்மா.

சித்தியவானில் இருந்தது ஒரே குடும்பம், அம்மாவின் அக்கா. எனக்குப் பெரியம்மா. ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில், அம்மா உப்புப் போட்டு வைத்திருந்த இட்லி மாவில் பெரியம்மா கேட்காமல் இன்னொரு கை உப்புப் போட்டுவிட்டார். நாற்பது பேர் பந்தியில் உட்கார்ந்த பிறகு விஷயம் தெரிந்தது. 'என்னைக் கேட்டிருக்கலாம்' என்று ஒருவர், 'நீ சொல்லியிருக்கலாம்' என்று மற்றவர். அத்தோடு சரி.

மறுநாள் வகுப்பில் உட்கார்ந்து, அப்பா சொன்ன வரிசைப்படியே பன்னிரண்டையும் அடித்துவிட்டு, அப்புறம் அம்மா சொன்னது நினைவு வந்து, பன்னிரண்டாவது இடத்தில் மேற்கோள் குறிகளுக்கு நடுவே இருந்த சித்தியவானை மட்டும் அழித்தேன். குறிகளை அப்படியே விட்டேன். பட்டியலில் பன்னிரண்டு என்று இருந்த எண்ணிக்கையையும் அப்படியே விட்டேன். பெரியம்மா முகவரியையும் எடுத்தேன். வேலை முடிந்தது என்று ஒரு மைலோ வாங்கிக் குடித்தேன்.

சனிக்கிழமை. தபால் நிலையம் மத்தியானத்தோடு மூடிவிடும். பத்திரிகைப் பெட்டியை வகுப்புக்கே கொண்டுபோய், கம்ப்யூட்டரை ஓடவிட்டேன். பிரிண்டர் கரகரவென்று முகவரிகளைத் துப்பியது. ஐந்து மாணவிகள் வெட்டி வெட்டிப் பசை தடவி ஒட்டினார்கள். வந்துகொண்டே இருந்தது. ஸ்டாம்பு போதாமல் இரண்டு தரம் தபால் நிலையத்துக்கு ஓடினேன். அப்போதும் உறைக்கவில்லை. 'நேரில் அழைக்க வேண்டியவர்கள்' என்ற தலைப்போடு கடைசியாக ஒரு தாள் வந்தது. தலைப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. ரிப்பன் மை தீர்ந்துவிட்டது போல என்று நினைத்தேன். பெட்டியில் நாலைந்தே பத்திரிகை மிச்சம் இருந்தது. நான் அதை என் வேகம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயந்தரம் அம்மா, "நாங்க போவ வேண்டிய வீட்டு லிஸ்டு எங்கடி?" என்று கேட்டார்.

"ரிப்பன் மாத்தி திங்கக்கெழம எடுத்துத் தர்றேம்மா. என்ன அவசரம்?"

திங்கட்கிழமை ரிப்பன் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பெரட்டு. தோட்டத்தில் வேலைக்குப் பிரியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. ஆபிசுக்கு வந்த கடிதங்களையும் கிராணி, அதாவது ஆபிஸ் குமாஸ்தா, அப்போதுதான் கொடுப்பார். அன்றைக்கு அவர் ஒரு கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பேராகக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவர் கையிலும் அதே மஞ்சள் முனை உறை. முதல் நாலைந்து பேர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது பேர் ஆனபோது யாரும் அவரைப் பார்க்கவில்லையாம். அதுதான் மோசம் என்று அப்பா பிறகு சொன்னார். லயத்து வரிசை வீடுகளில் எங்கள் சுவருக்கு அடுத்த சுவர்க்காரருக்கும் ஸ்டாம்பு ஒட்டி வந்திருந்தது.

கடைசியில் கிராணி ஓர் உறையை எடுத்து இரண்டு தரம் படித்துப் பார்த்தார்.

"மண்டோரே, ஒங்களுக்கும் ஒண்ணு வந்துருக்கு."

புரோகிராம் ஓடுகிறதா என்று பார்க்க முதலாவதாக எங்கள் வீட்டு முகவரியைத்தான் டைப் செய்திருந்தேன். சொந்த மகள் கல்யாணத்துக்கு 'சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்துமாறு' அப்பாவை அப்பாவே தபாலில் அழைத்திருந்தார்.

அவர் வீட்டுக்கு வந்து அந்தப் பத்திரிகையை என் முன்னால் வைத்தார். திட்டவில்லை. "இது என்னா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். 'நான் சரியாகப் பார்க்கவில்லை அப்பா' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணிருச்சுப்பா."

எவ்வளவு சுகமான வாக்கியம் தெரியுமா! யாருக்கும் புரியாது, யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அன்றைக்கே வகுப்பில் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். பன்னிரண்டாவது இடம் காலி. காலியான ஒரு சொல்லைக் கொடுத்து, 'இது இந்த முகவரியில் இருக்கிறதா?' என்று கேட்டால், கம்ப்யூட்டர் 'இருக்கிறது' என்றுதான் சொல்லும். எந்த முகவரியைக் கொடுத்தாலும் இருக்கிறது என்றே சொல்லும். ஒன்றுமில்லாதது எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது என்பது அதன் கணக்கு. அதனால் இருநூற்றுச் சொச்சம் பேரும் தூரத்து ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். இது தெரிந்த பிறகும் நான் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் தப்பு, கம்ப்யூட்டர் தப்பு என்றே பாடிக்கொண்டிருந்தேன்.

சுங்கை பெசாரிலிருந்து சம்பந்தி தோட்ட ஆபிசுக்குப் போன் போட்டார். "எங்க மவன் கல்யாணத்துக்கு எங்களக் கூப்பிட்டு போஸ்டு வந்துச்சு. ரொம்ப சந்தோசம். கண்டிப்பா வந்துர்றோம்லா" என்றார். நல்ல மனிதர், சிரித்துவிட்டார். மற்றவர்களுக்காக அப்பாவும் அம்மாவும் பத்து நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தார்கள். போன இடமெல்லாம், "அதான் கடிதாசி வந்துருச்சே" என்று ஒரு குத்து. அப்புறம் டீ. அப்புறம் ஒருவழியாகத் தட்டை வாங்கிக்கொண்டார்கள். வாங்காதவர் ஒரே ஒருவர். என் தாய்மாமன்.

மாமா அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி. புக்கிட் பெலிம்பிங்கில் வீடு. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். நான் தினமும் வேலைக்குப் போகும் பஸ் அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும். ஜன்னலிலிருந்து எட்டிப் போட்டிருந்தால் பத்திரிகை அவர் மடியில் விழுந்திருக்கும். அவருக்குத்தான் நான் ஸ்டாம்பு ஒட்டியிருந்தேன்.

தட்டோடு போன அப்பாவையும் அம்மாவையும் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, கடைசியில் கேட்டாராம்: "போஸ்டுல போட்டது யாரு?"

அப்பா என்னைக் காப்பாற்ற நினைத்து, "யாரும் இல்ல மச்சான். கம்ப்யூட்டர் தப்பு பண்ணிருச்சு" என்றார்.

"அப்படியா? அப்ப கம்ப்யூட்டரு வந்து கூப்பிடட்டும். தட்டோட வரணும்."

சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படி. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வராமல் எங்களில் எந்தப் பெண்ணும் மணவறைக்குப் போனதில்லை. அக்கா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தலை வாரிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "மாமா வரலேன்னா நான் மணவறைக்கு வர மாட்டேன். நீ ஒன் கம்ப்யூட்டர ஒக்கார வச்சுத் தாலி கட்டிக்கச் சொல்லு." சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வெகு நேரம் தண்ணீர் சத்தமே கேட்கவில்லை.

மிஸ்டர் லிம்மிடம் போய் நின்றேன். ஒரு கம்ப்யூட்டரை ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்துப் போக வேண்டும் என்றேன்.

"யாருக்குக் காட்ட?" என்று மலாயில் கேட்டார்.

"என் மாமாவுக்கு."

"வாங்குவாரா?"

"பார்க்கணும்னு ரொம்பப் பிடிவாதமா இருக்கார்."

அவர் யோசித்தார். "கீழே விழுந்தா நீயும் திரும்பி வர வேணாம்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

ஒரு டாக்சி பிடித்தோம். முன்னால் அப்பா, மடியில் கீபோர்டு. பின்னால் ஒரு பக்கம் அம்மா தட்டோடு, மறுபக்கம் நான், நடுவில் பெட்டியும் அதன்மேல் மானிட்டரும். "டிவி ரிப்பேராண்ணே?" என்று டாக்சிக்காரர் கேட்டார். அப்பா கீபோர்டைத் துண்டால் மூடிக்கொண்டார். பாதி வழியில் அம்மா தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து மானிட்டரின் நெற்றியில் பொட்டு வைத்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"கூப்பிடப் போறது அதுதானே? வெறும் நெத்தியா எப்படிடி போவும்?"

மாமா கைலியும் பனியனுமாக வாசலில் நின்றார். அக்கம் பக்கத்துக்காரர்கள் ஏற்கெனவே வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் ஒரே ஒரு பிளக்குதான் சும்மா இருந்தது, அதுவும் காற்றாடி போடுவது. காற்றாடியைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரைச் சொருகினேன். எல்லாருக்கும் வியர்த்தது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வியர்த்தது. பச்சை எழுத்து வந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். திரை முழுக்க MAMA VAANGA என்று பெரிதாக வரும்படி முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். அம்மா தட்டைத் தூக்கி மானிட்டருக்கு முன்னால் பிடித்தார்.

"எனக்கு இங்கிலீசு எழுத்து தெரியாதே" என்றார் மாமா.

"மாமா வாங்கன்னு போட்டுருக்கு மாமா."

"நீ சொல்றது கேக்குது. அது சொல்லட்டும்."

அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஒரே பேச்சு 'பீப்'. அழுத்தினேன். பீப் என்றது.

"இவ்வளவுதானா?"

இன்னொரு தரம் பீப் என்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, நான் ஒண்ணு கேக்கறேன். என் லோரி பாரிட்டுல வுழுந்தா, போலீசு லோரியப் புடிக்குமா, என்னியப் புடிக்குமா?"

பாரிட் என்றால் சாலையோரத்து வாய்க்கால். மாதத்துக்கு ஒரு லோரி அதில் விழும். எனக்குப் பதில் தெரியும். இரண்டு வாரமாகத் தெரியும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான்தான் மாமா தப்பு பண்ணுனேன். கம்ப்யூட்டரு நான் சொன்னதத்தான் செஞ்சிச்சு. சரியாப் பாக்காம, தெரிஞ்ச பொறவும் சொல்லாம இருந்துட்டேன்."

"ம். இத மொத நாளே சொல்லியிருந்தா ஒனக்கு டாக்சி மிச்சம். என்னா தப்பு பண்ணுன?"

சொன்னேன். பன்னிரண்டு இடம், அதில் ஒன்று காலி, காலியானது எல்லாருக்குள்ளும் இருக்கும், அதனால் எல்லாரும் தூரத்து ஊர்க்காரர்கள். லோரி ஓட்டும் மனிதருக்கு இது எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். (தலைக்கனம் அப்போதும் முழுதாகப் போகவில்லை பாருங்கள்.) கிள்ளானில் என்னோடு படித்தவர்களில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டாத கேள்வியை அவர் கேட்டார்.

"அந்த எடம் ஏன் காலி? மொதல்ல அதுல என்னா இருந்துச்சு?"

அப்பா கீபோர்டைப் பார்த்தார். அம்மா தட்டிலிருந்த பழத்தை நேராக வைத்தார்.

"சித்தியவான், மாமா."

மாமா அம்மா பக்கம் திரும்பி, "ஒரு ஊர எடுத்த. மொத்த ஊரும் வுழுந்துருச்சு பாத்தியா சின்னக்கா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அவருக்கும்தான் ஆறு வருடமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடி ஓடிக் களைப்பு. என்னைப் பார்த்து, "அந்த எடத்த நெரப்பு. அப்பறம் தட்ட வாங்கிக்கறேன்" என்றார்.

சித்தியவானைத் திரும்ப டைப் செய்தேன். "அட்ரசும் போடணும் மாமா" என்றேன். அவர் மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல அடித்தேன். வீட்டு நம்பர் இருபத்தேழு என்றார்.

"இருபத்தொம்பது" என்றார் அம்மா, பழத்தைப் பார்த்துக்கொண்டே. "வீடு மாறி மூணு வருசமாச்சு. ஒனக்குத் தெரியாதா?"

மாமாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் தெரியாது. பேசாத அக்காவின் புது வீட்டு நம்பர் அம்மாவுக்கு யார் வழியாக வந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நான் எண்ணை மாற்றி, ஓடவிட்டேன். பெரியம்மாவுக்குத் தபால் என்று வந்தது. மாமா பெயருக்கு நேராகத் தட்டு என்று வந்தது. படித்துக் காட்டினேன். மாமா எழுந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். மானிட்டருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

மிச்சமிருந்த பத்திரிகைகளில் ஒன்று மறுநாள் சித்தியவானுக்குப் போனது. தபாலில் போனதற்காகக் குறை சொல்லாத ஒரே உறவினர் பெரியம்மாதான். அவருக்கு அது முறைப்படி வந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து இறங்கினார். அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே பார்த்து அவர் கேட்ட முதல் வார்த்தை, "உப்பு போட்டாச்சா?" அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். அக்காவை மாமா கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனபோது நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். (மூக்கு சிந்தியதும் போட்டோவில் இருக்கிறது.)

கம்ப்யூட்டர் பத்திரமாகத் திரும்பியது. மிஸ்டர் லிம் மானிட்டரிலிருந்த பொட்டைப் பார்த்து, "இது நல்லதா?" என்றார். "ரொம்ப நல்லது" என்றேன். "அப்ப மத்த மூணுக்கும் வச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டாகிவிட்டது. எந்த விசேஷத்துக்குப் பத்திரிகை அடித்தாலும், யாராவது ஒருவர் கேட்பார்: "இப்ப யாரு பன்னெண்டு?" யாரோடு பேச்சு வார்த்தை இல்லையோ அவர்தான் பன்னெண்டு. சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். ஆனால் முதல் தட்டு அந்த வீட்டுக்குத்தான் போகும். அந்தக் கேள்வியை மற்றவர்களைவிடச் சத்தமாகக் கேட்பவள் நான். சின்னம்மா பன்னெண்டு, ஒரு சித்தப்பா இரண்டு தரம் பன்னெண்டு என்று எல்லாருக்கும் பட்டம் கொடுத்துக் களித்திருக்கிறேன்.

சென்ற வருடம் அக்கா மகனுக்குக் கல்யாணம். அதற்கு எட்டு மாதம் முன்பு, இந்தக் கம்ப்யூட்டர் கதையை அக்கா தன் சம்பந்தி வீட்டில் என்னைக் கேட்காமல் சொல்லி, பீப் சத்தமெல்லாம் போட்டுக் காட்டிவிட்டாள். எனக்குக் கோபம். போன் எடுப்பதை நிறுத்தியிருந்தேன். நியாயம் என் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் மணி அடித்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அக்காவும் அத்தானும் தட்டோடு நின்றார்கள். கட்டுப் பிரிக்காத பத்திரிகைகள் காருக்குள் அப்படியே இருந்தன. வேறு ஒரு வீட்டுக்கும் அவர்கள் இன்னும் போகவில்லை.

கதவைத் திறக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.